மூன்று ரம்பங்களின் சத்தம்

லிங்கிச் செட்டித் தெருவில்
ரம்பம் வேண்டுமென்றால்
"யாருக்கும்மா?" என்பார்கள்.
எனக்குத்தான் என்றேன்.
முர்தசா பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
"என்ன அறுக்கணும்?" என்று
சரியான கேள்விக்கு வந்தார்.

ரப்பர் ஸ்டாம்புக்குக் கைப்பிடி.
மூன்று அங்குல உயரம், உச்சியில் குமிழ்,
இடுப்பில் இரண்டு விரல் பிடிக்கிற பள்ளம்.
பாரிமுனையில் ஒரு கடைக்கு மாதம் இருநூறு.
கடைசல் மெஷின் இருக்கிறது,
பழைய கிரைண்டர் மோட்டாரில் ஓடுவது.
கட்டையும் இருக்கிறது:
புயலில் எங்கள் பிளாக் ஓரம் சாய்ந்த
தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள்,
முனை வெடிக்காமலிருக்கப் பச்சைப் பெயின்ட் பூசி
கட்டிலுக்கு அடியில்.
இல்லாதது
உருண்டையைச் சதுரமாக்க ஒரு பல்வரிசை.

வட்ட ரம்பம் வேகம், விலையும் பரவாயில்லை.
ஆனால் ஒரு வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர்
அதுவே தின்றுவிடும்.
இருநூறு வெட்டில் இரண்டு அடி.
எட்டுக் கைப்பிடி தூளாகிவிடும்.

பட்டை ரம்பத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போதும்.
"ஈரக் கட்டைக்கு அங்குலத்துக்கு நாலு பல்,
காய்ஞ்சதுன்னா ஆறு."
உருளை மேசையில் உருளும்,
பிளேடு கவ்வி இழுக்கும், விரல் கூடவே போகும்,
அதனால் பள்ளம் வெட்டிய தொட்டில் ஒன்று
செய்துகொள்ளச் சொல்லி
பில்லின் பின்பக்கம் படம் போட்டார்.
ரம்பம் பதினெட்டாயிரம். படம் சும்மா.

மூன்றாவது, ஜப்பான் கை ரம்பம்.
இழுத்தால் அறுக்கும், தள்ளினால் பேசாமலிருக்கும்.
அறுநூற்று ஐம்பது.

"மூணையும் ஓட்டிக் காட்டுங்க" என்று
போனை நீட்டினேன்.
"சத்தத்தைப் பிடிச்சுக்கிறேன்."

சகாயம் எண்ணூர்த் துறைமுகத்தில் இரவுக் கிரேன்.
காலை எட்டுக்கு வந்து விழுந்தால்
மூன்று மணிக்குத்தான் எழுவான்.
என் வேலை நேரமும் அதேதான்.
நடுவில் இருப்பது
தண்டையார்பேட்டை வாரியக் குடியிருப்பின்
நாலரை அங்குலச் சுவர்.

மறுநாள் பதினொரு மணி.
போனை அவன் தலையணை ஓரம் வைத்தேன்.

வட்ட ரம்பம்:
துள்ளி எழுந்து
காற்றில் ஒரு லீவரைப் பிடித்து இழுத்தான்.
எந்தக் கன்டெய்னர் அறுந்ததோ.
தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தேன்,
காரணம் சொல்லவில்லை.

கை ரம்பம்:
இதைத்தான் நம்பியிருந்தேன்,
அறுநூற்று ஐம்பது ரூபாய் நம்பிக்கை.
இழுப்பு. நிறுத்தம். இழுப்பு. நிறுத்தம்.
நாலாவது இழுப்பில் ஒரு கண் திறந்தது.
"இன்னாது, எலியா?"
அரிசி மூட்டையை நகர்த்தி
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தான்.
வரிசையாகப் பச்சை முகங்கள்
அவனைத் திரும்பிப் பார்த்தன.
அரைமணி நேரம் போயிற்று.

பட்டை ரம்பம்:
மூலக்கொத்தளம் சிக்னலில் நிற்கிற பஸ் மாதிரி
ஒரே உறுமல்.
புரண்டு படுத்தான்.
சத்தத்தைக் கூட்டினேன்.
குறட்டையையும் அதோடு சேர்த்துக்கொண்டான்.

ஏலச்சீட்டை எடுத்ததில் பதினோராயிரம்,
மீதி தவணை.
முப்பத்தேழு கிலோ. ஷேர் ஆட்டோவில்
அதற்கும் ஒரு ஆள் காசு.
மூன்று மாடிக்கு, கீழ்வீட்டுக் குணவதியின் தம்பிகள்.
"மாவு மெஷினாக்கா?"
ஆமாம் என்றேன். ஒரு வகையில்.

திங்கட்கிழமை
தொட்டிலில் முதல் கிளையைப் படுக்கவைத்தேன்.
விளிம்பு பால்வெள்ளை, உள்ளே வெல்ல நிறம்.
ஈரத்தூளில் புளித்த மாவு வாசனை.
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு
நாற்பது துண்டு. ஒன்று கோணல்,
அது என் தப்பு.
டீ வைக்கலாமென்று சுவிட்சை அணைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது.
"ஏன் நிறுத்திட்ட?"
கரண்டு போய் ஃபேன் நின்றுவிட்ட கோபம் குரலில்.

திரும்பப் போட்டேன்.
ஒன்றையும் அறுக்காமல் பிளேடு சுற்றியது.
சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்று
டீயைக் குடித்தேன்,
வெளியே ஈபி மீட்டரை நினைத்தபடி.